ஏழு நாள் டயட் அட்டவணை: அக்காவிடம் என்ன சொல்லி நிறுத்துவது?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள். உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை என்ற வருத்தம் அவருக்கு நெடுநாளாக உண்டு. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் உறவுக்காரர் ஒருவர் பந்தியில் வைத்தே அதைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த ‘ஏழு நாளில் ஏழு கிலோ’ அட்டவணையைப் பிடித்துக்கொண்டார். ஜி.எம். டயட் என்று மேலே போட்டிருக்கிறது. முதல் நாள் வாழைப்பழம் தவிர மற்ற பழங்கள் மட்டும். இரண்டாம் நாள் காய்கறி. மூன்றாம் நாள் இரண்டும். நான்காம் நாள் எட்டு வாழைப்பழமும் மூன்று தம்ளர் பாலும். அதற்குப் பிறகு தக்காளி, பனீர், கடைசி நாள் கொஞ்சம் சிவப்பரிசிச் சோறும் பழச்சாறும். நடுவில் பசித்தால் முட்டைக்கோஸ் சூப்.

முதல் சுற்றில் நாலரைக் கிலோ குறைந்தது. மாதம் முடிவதற்குள் அத்தனையும் திரும்பிவிட்டது. இப்போது மறுபடியும் தொடங்கியிருக்கிறார். “நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை, தப்பு என்மேல்தான்” என்கிறார். நேற்றுக் காலை காய் நறுக்கிக்கொண்டிருந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது; அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்கு இட்லி, சாம்பார், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் எல்லாம் அவர்தான் செய்கிறார். முடித்துவிட்டுத் தனக்கென்று ஒரு கிண்ணத்தில் வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்.

நான் வாயைத் திறந்தால் “உனக்கு என்னடா தெரியும்” என்று அடக்கிவிடுகிறார். அக்கா பள்ளியில் கணக்கு ஆசிரியை. காரணத்தோடு சொன்னால் நிச்சயம் கேட்பார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மீனலோசனி

தம்பி, நான் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அக்கா கணக்கு ஆசிரியை என்றால் பாதி வேலை முடிந்தது. இதை அவர் கையிலேயே கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. ஏழு நாளில் ஏழு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் மொத்தம் 53,900 கலோரி குறைய வேண்டும், நாளுக்கு 7,700. அவருடைய உடல் ஒரு நாள் முழுவதும் செலவு செய்வதே 1,900, 2,000 அளவில்தான் இருக்கும். ஒரு பருக்கைகூடத் தொடாமல் வெறும் தண்ணீர் குடித்துக் கிடந்தாலும் வாரத்துக்கு இரண்டு கிலோ கொழுப்பு கரையாது. அப்படியானால் தராசு காட்டிய நாலரைக் கிலோ எது?

பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. எல்லாம் சேர்த்து அரைக் கிலோ அளவுக்கு வரும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் செலவாவது இந்தக் கையிருப்புதான். அதோடு சேர்ந்த தண்ணீரும் சிறுநீராக வெளியேறும். ஊறுகாய், அப்பளம், குழம்பு நின்றதால் உப்பு குறையும், அதிலும் கொஞ்சம் நீர் போகும். குடலில் இருக்கும் உணவின் எடையும் குறைந்துவிடும். எட்டாம் நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் அந்த நீர் திரும்பி வந்தே தீரும். உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது. அக்காவின் ஒழுங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒன்றை மட்டுமாவது அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பதில் கொழுப்பும் உண்டு, தசையும் உண்டு. எனக்குக் கவலை தசையைப் பற்றித்தான். பழம் மட்டும் சாப்பிடும் முதல் நாளில் அவருக்குக் கிடைக்கும் புரதம் 10 கிராமை எட்டுவதே கடினம். அவர் உயரத்துக்குரிய எடைக்கு நாளொன்றுக்கு 45 கிராமாவது வேண்டும். உணவில் வராத புரதத்தை உடம்பு தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அடுப்புக்கு விறகு இல்லையென்று கூரையின் உத்தரத்தை வெட்டுவது போன்ற வேலை இது. எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகத் திரும்புகிறது. போன தசை அதே அளவு வருவதில்லை. இப்படி மூன்று நான்கு முறை ஏறி இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தராசு பழைய எண்ணையே காட்டும். ஆனால் மாடிப்படி ஏறினால் முன்பைவிட மூச்சு வாங்கும்.

அந்த அட்டவணையை 1985-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது என்று ஒரு கதையும் கூடவே சுற்றும். அதற்கு ஆதாரமாக எந்த ஆவணமும் வெளிவந்ததில்லை.

#3 நாடி

மீனலோசனி அம்மா சொன்னதற்கு மேல் மருத்துவராக ஒரே ஒரு விஷயம். அந்த நான்காம் நாள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 400 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. எட்டுப் பழம் என்றால் 3,000-ஐத் தாண்டுகிறது. பாலிலும் சூப்பிலும் வருவது தனி. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு, அதிலும் டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். சிறுநீரகக் கோளாறு பலருக்கு முற்றும்வரை வெளியே தெரிவதில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு கிரியாட்டினின்; வாட்ஸ்அப் அட்டவணை யாருடைய கிரியாட்டினினையும் கேட்பதில்லை.

உங்கள் அக்காவுக்குக் கண் இருட்டியது என்றீர்கள். முதலில் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40 சதவீதப் பெண்களுக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். எடை கூடியவர் சத்தோடுதான் இருப்பார் என்று நினைத்துப் பட்டினி போட்டால் கடைசியில் இப்படித்தான் தலை சுற்றும்.

#4 கொங்குநாட்டான்

ஜி.எம். டயட் வீண் வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இழை எங்கே போகும் என்று தெரிகிறது. எல்லா டயட்டையும் ஒரே மூட்டையில் கட்டி ஓரம்கட்டிவிட்டு, கடைசியில் “அளவாகச் சாப்பிடுங்கள், நடங்கள்” என்று முடிப்பீர்கள். அந்த அறிவுரையைக் கேட்டுக்கொண்டேதான் என் தந்தை சர்க்கரை நோயில் கால்விரலை இழந்தார்.

நான் பேலியோவில் இருக்கிறேன். காலையில் பாதாம், மதியம் காய்கறியோடு பனீர் அல்லது கறி, இரவு முட்டை. அரிசி, கோதுமை, சர்க்கரை, பருப்பு எதுவும் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1-லிருந்து 6.2-க்கு வந்திருக்கிறது. மாத்திரை பாதியாகக் குறைந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் முகநூல் வழியாக ஆயிரக்கணக்கானோர் இதைப் பின்பற்றுகிறார்கள். காலையில் நாலு இட்லி, மதியம் ஒரு தட்டு நிறையச் சோறு, மாலையில் டீயோடு பஜ்ஜி, இரவில் தோசை. இதுதான் நம் வியாதிக்கே மூலம். அதைச் சொல்ல ஒரு மருத்துவருக்கும் வாய் வரவில்லை. அந்தக் குழுக்கள் சொல்லின. அவற்றை வாட்ஸ்அப் அட்டவணையோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

#5 மீனலோசனி

கொங்குநாட்டான் அண்ணா, உங்கள் தந்தைக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்தது. நீங்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2025-ல் வெளியானது. நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று அது காட்டியது. அதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உங்கள் சர்க்கரை குறைந்ததும் உண்மை.

நான் மறுப்பது வேறொன்றை. ஒரே அட்டவணை எல்லா உடம்புக்கும் பொருந்தும், அதில் தோற்றால் தோற்றவரின் குறை என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மறுபாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2018-ல் முடிவு வந்தது. முதல் பிரிவில் சராசரியாக 5.3 கிலோ, இரண்டாம் பிரிவில் 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சிலர் 20 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலர் எடை கூடினார்கள். ஒரே உணவு, அத்தனை விதமான முடிவு.

இன்னொன்றும் கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் எல்.டி.எல்., அதாவது ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பு, என்ன?

#6 கொங்குநாட்டான்

172. குழுவில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். டிரைகிளிசரைடு என்ற மற்றொரு ரத்தக் கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது.

#7 நாடி

அண்ணா, டிரைகிளிசரைடு குறைந்தது நல்லது. ஆனால் சர்க்கரை நோய் இருப்பவருக்கு 172 எல்.டி.எல். கவலைப்பட வேண்டாத எண் அல்ல. உணவில் வெண்ணெய், நெய், கொழுப்புக் கறியின் பங்கைக் குறைத்து நிலக்கடலை, பாதாம், மீன் பக்கம் போனாலே பலருக்கு இறங்குகிறது. இறங்காவிட்டால் மருந்து. உங்கள் உணவுமுறையை முழுதாக விட வேண்டியதில்லை. அடுத்த முறை பரிசோதனை அறிக்கையை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நீங்கள் தொடங்கி வைத்ததால் இதையும் சொல்ல வேண்டும். இந்த இழையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இருக்கின்றன. நல்ல மருந்துகள், இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பவை. 2020 இறுதியில் டாபாகிளிஃப்ளோசினின் மலிவு வகைகள் வந்த பிறகு நம் ஊரில் ஏராளமானோர் எடுக்கிறார்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது இவற்றின் வேலை. இதை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, அப்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, ரத்தமே அமிலத்தன்மை அடையலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-லேயே இதை எச்சரித்தது.

ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாவை இந்த நிலையில் கொண்டுவந்தார்கள். மகன் அன்போடு கீட்டோ அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். சோறு, இட்லி, பழம் எல்லாம் நிறுத்தம். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. வாந்தி, வயிற்று வலி. அக்கம்பக்கத்தில் கேஸ் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 190 தான். அந்த எண்ணைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள். அவரோ ஓடி வந்தவரைப் போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கீட்டோன் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வீடு திரும்பினார்.

சாதாரணமாகச் சர்க்கரை 300, 400 என்று ஏறித்தான் இந்த அமில நிலை வரும் என்று நினைக்கிறோம். இந்த மாத்திரையோடு வரும்போது எண் ஏறாமலே வரும். மாத்திரையில் இருப்பவர் உணவை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதன் பொருள் இதுதான். இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு பக்கம்: சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

#8 கொங்குநாட்டான்

இந்த மாத்திரை விஷயம் எனக்குப் புதிது. நான் எடுப்பது மெட்ஃபார்மின் மட்டும். எங்கள் குழுவில் இதைப் பகிரலாமா?

#9 நாடி

தாராளமாக. பெயர் போட வேண்டாம், செய்தி போனால் போதும்.

#10 ஏட்டுச்சுவடி

நான் மருத்துவன் அல்ல, பழைய செய்திகளைத் தோண்டும் பழக்கம் உள்ளவன். இந்த மோகம் இன்று நேற்று வந்ததில்லை என்று காட்டச் சில தகவல்கள்.

1933-ல் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தை எடை குறைக்கும் மருந்தாக விற்கத் தொடங்கினார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் புழங்கிய பொருள். எடை நிஜமாகவே குறைந்தது. கூடவே உடல் சூடு ஏறிச் செத்தவர்களும், கண்புரை வந்து பார்வை மங்கிய இளம் பெண்களும் இருந்தார்கள். 1938-ல் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அறிவிக்கப்பட்டது. இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக விற்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

1976-ல் திரவப் புரத டயட். தோல், தசைநார் போன்ற இறைச்சிக்கூடக் கழிவிலிருந்து எடுத்த புரதத்தைச் சுவையூட்டிப் புட்டியில் அடைத்து, வேறெதுவும் சாப்பிட வேண்டாம், இதையே குடியுங்கள் என்றார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ 60 பேரின் மரணம் பதிவானது. ஆராயப்பட்டவர்களில் பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்திருந்தார்கள். அதற்குமுன் இதய நோய் இல்லாதவர்கள்.

என்னை மிகவும் பாதித்தது மின்னசோட்டா பட்டினி ஆய்வு. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டம். ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்களை வைத்து நடத்தினார். ஐரோப்பாவில் பட்டினியில் வாடுவோரை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். ஆறு மாதம், நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. இன்று இணையத்தில் சுற்றும் பல அட்டவணைகள் இதைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். உடல் எடையில் கால்வாசி போயிற்று. அந்த இளைஞர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்காமல் தின்றார்கள். பலருக்குக் கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது. எல்லாரும் மனத்திடம் மிக்கவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வைகைக்கரை, உங்கள் அக்கா தன் மனவுறுதியைக் குறை சொல்லும்போது இந்த 36 பேரைப் பற்றிச் சொல்லுங்கள்.

#11 மீனலோசனி

ஏட்டுச்சுவடி ஐயா, அருமையான பதிவு. அதே விஷயத்தை அண்மைக் காலத்தில் ஹார்மோன் அளவிலும் பார்த்துவிட்டார்கள். 2011-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு அது. 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன்கள் தாழ்ந்தே இருந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். 13 பேருக்கு எடை ஏறியிருந்தது. அவர்களின் உடல், ஓய்வில் செலவிட வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே செலவிட்டுக்கொண்டிருந்தது. வேகமாகக் குறைத்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது.

#12 செம்பருத்தி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகளுக்கு 17 வயது. முட்டை டயட் என்று தொடங்கி, பிறகு ஆப்பிள் சிடார் வினிகர், இப்போது ஒரு நாளைக்கு ஒரே வேளை. பொதுத்தேர்வு ஆண்டு. சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி. இரண்டு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. கேட்டால் அழுகிறாள், இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாப்பிட்டுவிட்டேன் என்கிறாள், டிபன் பாக்ஸ் கழுவி வைத்தது போல வருகிறது, ஆனால் தோழி ஒருத்தி, அவள் அதை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அவள் குண்டே இல்லை. 52 கிலோவாக இருந்தவள் 43-க்கு வந்துவிட்டாள். நான் என்ன செய்ய?

#13 நாடி

அம்மா, இது டயட் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். முடி உதிர்வதும் மாதவிலக்கு நிற்பதும், இருக்கும் சத்தை உயிர்காக்கும் வேலைகளுக்கு ஒதுக்கிக்கொண்டு மற்றதை உடம்பு நிறுத்துவதால் வருபவை. பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். அதனால்தான் பலர் ஷாம்புவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். சத்து திரும்பினால் முடி முளைக்கும். எலும்பு அடர்த்தி சேரும் வயதில் மாதவிலக்கு நிற்பதுதான் பெரிய கவலை.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, கை கால் சில்லிடுவது இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். “போதும், இன்று முதல் மூன்று வேளையும் நிறையச் சாப்பிடு” என்று திடீரெனத் திணிக்க வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மனநல மருத்துவரும் பார்க்க வேண்டிய நோய் இது. அரசின் டெலி மனஸ் 14416 எண்ணில் தமிழிலேயே எந்நேரமும் பேசலாம். நீங்களே முதலில் பேசுங்கள்.

#14 மீனலோசனி

செம்பருத்தி, தனிமடல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். வீட்டில் அவள் எடையைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ யாரும் பேச வேண்டாம்; “இப்போது அழகாக இளைத்திருக்கிறாய்” என்று பாராட்டக்கூட வேண்டாம். உறவினர்களையும் தயங்காமல் தடுத்துவிடுங்கள். முடிந்தால் இரவுச் சாப்பாட்டை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வினிகர் பற்றி: இளைஞர்களுக்கு எடை குறைவதாகச் சொன்ன லெபனான் ஆய்வொன்று 2024-ல் உலகம் முழுக்கச் செய்தியானது. தரவுகளில் குழப்பம் இருப்பதாகக் கண்டு 2025-ல் அந்த ஆய்விதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்ற செய்தி எந்த ரீல்ஸிலும் வரவில்லை.

#15 தோகாவாசி

என் மனைவி ஊரில் ஒரு ‘ஊட்டச்சத்து கிளப்’பில் சேர்ந்திருக்கிறார். காலையும் இரவும் மாவைக் கலக்கிக் குடிக்க வேண்டும். மாதம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. எடை குறைந்தது உண்மை. இப்போது நீங்களும் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு மாவு மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களாம். மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள், வெளிநாட்டில் இதனால் சர்க்கரை நோயே போய்விட்டது என்றும் சொல்கிறார்களாம். உண்மையா?

#16 நாடி

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வு நடந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம், நாளுக்கு 825 முதல் 853 கலோரி தரும் பானங்களை மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டில் 36 சதவீதம். பெரிய சாதனைதான். ஆனால் பயிற்சி பெற்ற செவிலியரும் உணவியலாளரும் தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளைத் தொடக்கத்திலேயே நிறுத்திக் கண்காணித்தார்கள். சாதாரண உணவைப் படிப்படியாகத் திருப்பினார்கள். இரண்டு ஆண்டு விடாமல் துணை நின்றார்கள். கிளப்பில் கலக்கிக் கொடுப்பவருக்கு இதில் எது தெரியும்? மாவை நிறுத்தும் நாளுக்கு அவரிடம் திட்டம் கிடையாது. நிறுத்தாமல் இருப்பதில்தான் அவர் வருமானம் இருக்கிறது.

இன்னொன்று பித்தப்பைக் கல். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலி வந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

#17 ஏட்டுச்சுவடி

தோகாவாசிக்கு: உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. மாவு உணவுப் பொருளாக விற்கப்படுவதால் நழுவிக்கொள்கிறது. மூலிகை மாத்திரை என்று கொடுத்தால் வாங்கவே வேண்டாம். 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற எடைக்குறைப்பு மருந்து, பல நாடுகளில் ‘மூலிகை’ மாத்திரைகளுக்குள் கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது.

#18 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. மீனலோசனி அம்மா சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்தேன். அக்கா தானே போட்டுப் பார்த்தார். 53,900 என்ற எண் வந்ததும் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்போது போன வாரம் நான் குறைத்தது தண்ணீரையா?” என்று கேட்டார். அன்று இரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஹீமோகுளோபின் 9.4. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தைராய்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எடை குறைய வேண்டும் என்ற எண்ணம் அப்படியேதான் இருக்கிறது. கொள்ளு ரசம், கொள்ளுக் கஞ்சி குடித்தால் போதும் என்று அத்தை சொல்கிறார். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ சரிதானா?

#19 மீனலோசனி

கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம், நிறைய நார். சோற்றின் ஒரு பங்குக்குப் பதிலாக வந்தால் வயிறும் நிறையும், பசியும் தாமதமாகும். சோற்றுக்கு மேல் கூடுதலாக வந்தால் பயனில்லை. கொள்ளு என்றில்லை, சுண்டல், பாசிப்பயறு, முட்டை, மீன், தயிர், எது வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதோ அது போதும்.

அக்காவுக்கு நான் சொல்வது: தனிச் சமையல் வேண்டாம். எல்லாருக்கும் வைக்கும் சாம்பாரில் பருப்பும் காயும் கெட்டியாக இருக்கட்டும். சோற்றை ஒரு கிண்ணத்தால் அளந்து போட்டுக்கொள்ளட்டும். பொரியல், கூட்டு, கீரை அதைவிட அதிகம். காலையில் மூன்று இட்லியோடு ஒரு முட்டையோ ஒரு கரண்டிச் சுண்டலோ. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை வீணாகிறதே என்று வாயில் போடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விடட்டும். பல தாய்மார்களின் உணவுக் குறிப்பில் நான் பார்க்கும் கணக்கில் வராத சாப்பாடு அதுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது போன்ற தசைக்கு வேலை தரும் பயிற்சி. நடை தனி.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி, வாரத்துக்கு அரைக் கிலோ குறைப்பதையே பாதுகாப்பானது என்கிறது. 78 கிலோவில் நான்கு கிலோ குறைந்து அப்படியே நின்றாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராகத் தொடங்கும். ஹீமோகுளோபின் ஏறும்வரை அதற்கும் அவசரப்பட வேண்டாம். மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி கூடாது.

#20 கொங்குநாட்டான்

மாத்திரைச் செய்தியைக் குழுவில் போட்டேன். நாலைந்து பேர் தாங்கள் டாபாகிளிஃப்ளோசின் எடுப்பதாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு அம்மா கேட்கிறார்: டயட் எதுவும் இல்லை, ஆனால் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பழமும் பாலும் மட்டும்தான். அவருக்கும் இது பொருந்துமா?

#21 நாடி

பொருந்தும். விரதமோ நோன்போ டயட்டோ, மாத்திரைக்கு வித்தியாசம் தெரியாது. பழமும் பாலும் எடுப்பதால் முழுப் பட்டினியைவிட ஆபத்து குறைவு, ஆனாலும் கேட்காமல் இருக்கக் கூடாது. விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே தன் மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எப்போது மறுபடி தொடங்குவது என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும், சர்க்கரை எண் என்னவாக இருந்தாலும், விரதத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய், எடுக்கும் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோகட்டும்.